ஒட்டிவிடுகிறவர்கள் எடுக்கவும் சொல்லித் தர வேண்டும்

சித்தி மகளுக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பார்லரில் ஐலாஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது கண் இமை முடியின் மேல் பசையால் ஒட்டும் செயற்கை முடி, வைத்துவிட்டார்கள். போட்டோவில் கண் அவ்வளவு அழகு. மூன்றாவது வாரம் போன் வந்தது. "அக்கா, முடியெல்லாம் திருகிக்கிட்டு கண்ணைக் குத்துது. தாங்க முடியாம பிச்சு எடுத்துட்டேன். என் முடியும் சேர்ந்து வந்துடுச்சுக்கா."

போய்ப் பார்த்தேன். பிய்த்ததை டிஷ்யூ பேப்பரில் எடுத்து வைத்திருந்தாள். கருகருவென்று செயற்கை முடி, அதோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய மெல்லிய முடி, அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி. வேரோடு வந்திருக்கிறது. இடது இமையில் ஓர் அரிசி நீளத்துக்கு முடியே இல்லை. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒட்டுவதற்கு இரண்டு மணி நேரம் படுக்க வைத்தவர்கள், எடுப்பதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருக்கக் கூடாதா? என் கோபமெல்லாம் அதில்தான்.

இந்தப் பசை பெரும்பாலும் சயனோஅக்ரிலேட். வீட்டில் உடைந்த பொம்மையை ஒட்டுகிறோமே, அந்தக் குடும்பம். தண்ணீருக்கு அசையாது. ஒவ்வொரு செயற்கை முடியும் நம் முடி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இதை இழுத்தால் அதுவும் வரும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் கெட்டு, அந்த இடத்தில் முளைக்காமலே போகலாம். ஒரு நாள் மட்டும் ஒட்டிக் கழற்றும், ஒரே பட்டையாக வரும் செயற்கை இமை முடி வேறு. அதற்கு எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவர் போதும்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? ஒன்றும் செய்யாமல் விடுவதே நல்லது என்பேன். இமை முடி தானாக உதிர்ந்து முளைப்பதுதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலானவை உதிரும்போது ஒட்டியதும் கூடவே போய்விடும். பொறுக்க முடியவில்லை என்றால் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சில நிமிடம் மூடிய கண்மேல் வைக்கலாம். அப்புறம் பட்ஸில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, கண்ணுக்குள் போகாமல் முடியின் மேல் மட்டும் தடவ வேண்டும். பசையை அது உடனே கரைக்காது, மெல்ல மெல்லத் தளர்த்தும். கொஞ்ச நேரம் கழித்துத் துடைக்கும்போது தானாக வருவது வரட்டும். வராததை விட்டுவிட்டு, எண்ணெய் தங்காமல் முகத்தைக் கழுவி, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

நெயில் பாலிஷ் ரிமூவரைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். பார்லரில் வைத்திருக்கும் ரிமூவர் ஜெல்லை ஆன்லைனில் வாங்கி நாமே போட்டுக்கொள்வதும் வேண்டாம். அது கண்ணை மூடிப் படுத்திருக்க, பழகியவர் போட வேண்டியது. கண்ணில் எதுவாவது பட்டுவிட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போங்கள். இமை வீங்கினாலும், கண் சிவந்து வலித்தாலும், பார்வை மங்கினாலும் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக டாக்டர்தான்.

அடுத்த மாதம் அவள் நாத்தனாருக்குக் கல்யாணம். அதே மாதிரி பேக்கேஜ்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எடுத்துவிடும் தேதியையும் அதற்கான காசையும் ரசீதிலேயே எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.