அது புகை இல்லை, நீராவி

மறுபடியும் அதே படம். நேற்று பெரியப்பா மகன் பகிர்ந்ததையும், அதன் கீழே போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இடுப்பு ஒடுங்கிய இரண்டு ராட்சதக் கோபுரங்கள், உச்சியில் குபுகுபுவென்று வெள்ளையாக ஏதோ, "கூடங்குளம் கக்கும் விஷம்" என்று தலைப்பு. கூடங்குளம் அணு உலையில் அந்தக் குளிர்விக்கும் கோபுரமே கிடையாது அண்ணே! பக்கத்திலேயே கடல் இருக்கிறது, கடல்நீரை எடுத்துத்தான் குளிர்விக்கிறார்கள்.

சரி, கோபுரம் இருக்கிற ஊர்களிலும் அது புகை இல்லை, நீராவி. அதுவும் உலைக்குள் போய்வந்த தண்ணீர்கூட இல்லை, வெளியே தனியாக ஓடுகிற குளிர்விக்கும் தண்ணீர். பெயரிலேயே உலை இருக்கிறதே, சோற்றுக்கு வைக்கிற உலைதான். யுரேனியம் அணு பிளக்கிற சூட்டில் தண்ணீர் காய்கிறது, ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது, கரண்ட் வருகிறது. எரிக்க எதுவும் இல்லாத இடத்தில் புகை எங்கிருந்து வரும்?

"குண்டு மாதிரி வெடிக்குமே" என்றார் ஒருவர். வெடிக்காது. அங்கே போடுகிற எரிபொருளில் எளிதில் பிளக்கிற யுரேனியம்-235 என்ற வகை 5 சதவீதத்துக்கும் குறைவு, குண்டுக்குக் கிட்டத்தட்ட 90 சதவீதம் வேண்டும். உடனே செர்னோபில் என்பீர்கள். அங்கே உலை வெடித்தது ஆவியின் அழுத்தத்தில், அணுகுண்டு மாதிரி இல்லை. நாசம் நாசம்தான், நான் இல்லையென்றா சொன்னேன்?

"அப்போ உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மீனவர்கள் முட்டாள்களா?" இல்லை. பயன்படுத்தி முடித்த எரிபொருளைக் காலகாலத்துக்கும் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அதற்கு யாரும் மனம் ஆறுகிற மாதிரி பதில் சொல்லவில்லை, என்னிடமும் இல்லை. பொய்ப் படம் போடுகிறவர்கள் அந்த மீனவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் எரிச்சலாக இருக்கிறது. இப்படிப் பேச எனக்குக் கூலி வருகிறதாம். வந்திருந்தால் வீட்டுக்கடனையாவது அடைத்திருப்பேன்.

உலை என்றால் கரண்ட் மட்டும் இல்லை. அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தபோது கொடுத்தார்களே கதிர்வீச்சு உள்ள அயோடின்-131, அந்த மருந்து பிறப்பதே அணு உலையில்தான். அம்மா நாலு நாள் தனியறையில் இருந்தாள், நான் வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அயோடின் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். மூன்று மாதத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த மூன்று மாதம் கழித்துத்தான் இதே அண்ணன் வீட்டு வளைகாப்பு. எல்லோருக்கும் டம்ளரில் காபி, அம்மாவுக்கு மட்டும் பேப்பர் கப்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்து, அந்தக் கப்பை மடக்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து நம் வீட்டுக் குப்பையில் போட்டாள்.