உதவி வாங்கினால் உடம்பு அவர்களுடையதா?

இங்கே அமெரிக்காவில் நம் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் அந்தப் பெரியவர் பேசியதை உங்களில் பலரும் கேட்டீர்கள். கறுப்பினப் பெண்கள் அரசு உதவித்தொகைக்காகவே பிள்ளை பெறுகிறார்களாம், நம் வரிப்பணம் வீணாகிறதாம். கைதட்டினீர்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1973இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் நடந்ததை அவர் அறிவாரா? மின்னி லீ ரெல்ஃபுக்கு 14 வயது, தங்கை மேரி ஆலிஸுக்கு 12. வழக்கமான கருத்தடை ஊசிதான் என்று நம்பிய தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. சம்மதத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். அரசுப் பணத்தில் இயங்கிய நிலையம் இரண்டு சிறுமிகளுக்கும் நிரந்தரக் கருத்தடை அறுவை செய்துவிட்டது. சம்மதிக்காவிட்டால் உதவி நின்றுவிடும் என்று மிரட்டியே ஏழைகள் பலரைப் பணிய வைத்தார்கள் என்று அந்தச் சிறுமிகளின் வழக்கில் 1974இல் கூட்டாட்சி நீதிபதி கெசெல் தம் தீர்ப்பில் எழுதினார்.

உதவி வாங்குகிறாள் என்பதற்காக ஒருத்தியின் உடம்பு யாருக்கும் சொந்தமாகிவிடாது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். நியூ ஜெர்சியில் 1992இல் சட்டமே போட்டார்கள்: உதவி பெறும் தாய்க்கு இன்னொரு குழந்தை பிறந்தால் அதற்குக் கூடுதல் தொகை கிடையாது. மேடையில் கேட்ட அதே பேச்சுதான் சட்டமானது. அதை நீக்க 2020 ஆயிற்று. பிள்ளை பெறுவதே அவர்களுக்கு உயிரைப் பணயம் வைப்பதுதான்: 2023இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்குக் கறுப்பினத் தாய்மார் 50 பேர் இறந்தார்கள். வெள்ளையர்களில் 15 பேர்கூட இல்லை.

முறைகேடு நடப்பதில்லையா என்று கேட்பீர்கள். நடக்கும். வரி ஏய்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கருப்பையில் யாரும் கை வைக்கவில்லையே!

கணவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, கர்ப்பிணியான நானும் விக் (WIC) என்ற, ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான அரசின் சத்துணவுத் திட்டத்தில்தான் பாலும் முட்டையும் வாங்கினேன். ஒருநாள் நான் எடுத்த தானியப் பெட்டி பட்டியலில் இல்லாத அளவு. கல்லாவில் இருந்தவர் அதைத் தூக்கிப் பிடித்து, "விக்கில் இது வராது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி மேலாளரைக் கூப்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் நின்ற கறுப்பினப் பெண்தான் ஒன்றும் பேசாமல் போய்ச் சரியான பெட்டியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

அன்று கைதட்டிய தோழிகளில் சிலரை அதே விக் அலுவலகத்துக்கு அழைத்துப் போனவளே நான்தான். "நாங்கள் படித்தவர்கள், எங்களுக்கு அது கொஞ்ச காலம்தான்" என்று இப்போது சொல்லாதீர்கள். பசிக்குப் பட்டம் தெரியாது. நம் பிள்ளைகளுக்கு அது சத்துணவு, கறுப்பினத் தாயின் பிள்ளைக்கு மட்டும் பிச்சையா?

என் மகளும் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவரும் கைதட்டினார். அந்தப் பேச்சு தவறு என்று நிர்வாகிகள் சொல்லும்வரை சித்திரைத் திருநாள் சமையல் குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.