டெர் ஸ்டேகன் முதுகுக்கு ஒரு வாக்கெடுப்பு

2025 ஆகஸ்டில் ஒரு ராத்திரி நடந்த அந்தத் தமிழ் ஃபுட்பால் சேனல் லைவ்வைப் பார்த்தவர்களுக்கு நான் எதற்காக இதை எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அவர்களுக்கு வியூஸ் ஏறும். நம்ம ஆட்களே பாதிப் பேர் உள்ளே உட்கார்ந்து ஹார்ட் விட்டுக்கொண்டிருந்தார்கள். யார் யார் என்று பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் ஸ்பெயினின் பார்சிலோனா கிளப் கோல்கீப்பருடைய முதுகு வலியைப் பற்றி ஒரு வாக்கெடுப்பு வைத்தார்களே: "டெர் ஸ்டேகன் நடிக்கிறாரா?" ஆமாம், இல்லை. ஆமாம் ஜெயித்தது.

2025 ஜூலை 29-ம் தேதி அவருக்கு முதுகில் ஆபரேஷன். அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. தையல் காய்வதற்குள் அந்த மனிதனுக்கு வலிக்கிறதா இல்லையா என்று பெங்களூர் கம்மனஹள்ளியிலும் கோயம்புத்தூரிலும் இருந்து ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருத்தர் முதுகு எப்போது சரியாகும் என்று சொல்ல அவருக்கும் அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கும் மட்டும்தான் தகுதி இருக்கிறது. பல சமயம் அவர்களுக்கே தெரியாது. தெரியாததால்தான் "சுமார்" என்று சொல்கிறார்கள். அந்தச் சுமாரைத்தான் நம்ம ஆட்கள் முதலில் வெட்டி எறிகிறார்கள்.

டெர் ஸ்டேகன் தானே பதிவு போட்டுச் சொன்னார், சுமார் மூன்று மாதம் ஆகும் என்று. கிளப்புக்கு நான்கு மாதத்துக்கு மேல் வேண்டும். ஏன்? இன்னொரு கோல்கீப்பர் ஜோவான் கார்சியாவைச் சுமார் 25 மில்லியன் யூரோ கொடுத்து எஸ்பான்யோல் கிளப்பிலிருந்து வாங்கிவிட்டார்கள், அவரை லீக்கில் பதிவு செய்யச் சம்பள வரம்பில் இடமில்லை. ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் விதிப்படி ஒரு வீரர் நான்கு மாதத்துக்கு மேல் ஆட முடியாது என்று ஆனால், அவர் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை இன்னொருவரைப் பதிவு செய்யப் பயன்படுத்தலாம். 2024-ல் இதே கிளப் தன் வீரர் கிறிஸ்டன்சன் காயத்தை வைத்து டானி ஓல்மோவைப் பதிவு செய்ததும் இதே வழியில்தான். ஆக, அந்த நாலாவது மாதம் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்டில் பிறந்த மாதம். மருத்துவ அறிக்கையை லா லிகாவுக்கு அனுப்ப அவர் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை, கிளப் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது, ஆகஸ்ட் 7-ம் தேதி கேப்டன் பதவியைப் பறித்தது. அவர் கையெழுத்துப் போட்டதும் அடுத்த நாளே திருப்பிக் கொடுத்தது.

அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தது நியாயமா என்று கேட்பீர்கள். கேட்கலாம். அதை அப்புறம் பேசுவோம்.

ஆனால் அந்தப் பத்து நாளில் ஸ்பெயின் பத்திரிகைகளில் ஆரம்பித்து நம்ம தமிழ் யூடியூப் வரைக்கும் ஒவ்வொருவரும் முதுகெலும்பு நிபுணர் ஆகிவிட்டார்கள். மூன்று மாதம்தான் என்கிறார் ஒருத்தர். ஐந்து மாதம், "கிளப்புக்கு நெருக்கமான வட்டாரங்கள்" சொன்னது என்கிறார் இன்னொருத்தர். இனிமேல் ஆடவே மாட்டார் என்று தம்ப்நெயிலில் எக்ஸ்ரே படம். அந்த எக்ஸ்ரே கழுத்தோடது, அதையாவது கவனித்தீர்களா? வட்டாரங்களுக்கு என்ன, அவற்றுக்கு முதுகா இருக்கிறது?

இந்த இடத்தில் "பார்சா ரசிகன் அழுகிறான்" என்று கமென்ட் வரும். என் டைம்லைனைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் பார்சாவின் பரம எதிரி ரியல் மாட்ரிட் ஆள். டெர் ஸ்டேகன் கோல் வாங்கினால் எங்கள் வீட்டில் கேசரி. அதனால்தான் எங்கள் மாட்ரிட் வீரர் கேரத் பேல் கதை எனக்கு மறக்கவில்லை. 2013-ல் அவ்வளவு பணம் கொடுத்து வாங்கி ஒரு மாதம்கூட ஒழுங்காக ஆடவில்லை, அதற்குள் அவருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கிவிட்டது என்று ஸ்பெயின் பத்திரிகை மார்கா எழுதியது. கிளப் மறுத்தது, சின்ன புடைப்புதான், நிறைய ஃபுட்பால் வீரர்களுக்கு இருப்பது என்றது. யார் கேட்டார்கள்? ஏமாந்துவிட்டார்கள், உடைந்த பொருளை வாங்கிவிட்டார்கள் என்று சிரித்தார்கள். அடுத்த ஏப்ரலில் வலென்சியாவில், கோபா டெல் ரே ஃபைனல். பார்சா டிஃபண்டர் பார்த்ராவைத் தாண்ட கோட்டுக்கு வெளியே ஓடி, உள்ளே திரும்பி வந்து கோல். மே மாதம் லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல். முதுகு முடிந்தது என்று எழுதியவர்கள் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? அவர்கள் அடுத்த வீரரின் முழங்காலுக்குப் போய்விட்டார்கள்.

பேலுக்கு ஆபரேஷன் ஆகவில்லையே என்று சொல்லாதீர்கள், தெரியும். சொல்ல வந்தது வேறு.

எனக்கு ஆகியிருக்கிறது. எல்4-எல்5, இடுப்புப் பக்கத்து டிஸ்க். ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் நடந்த விவாதத்துக்கு எந்த சேனலும் ஈடாகாது. முதுகுத்தண்டில் கத்தி வைத்தால் அவ்வளவுதான் என்று ஒரு கட்சி. புத்தூர் கட்டு போட்டுப் பார் என்று ஒரு கட்சி. எலும்பு எதுவும் முறியவில்லையே என்றால், "கட்டிப் பார்க்கிறதுல என்ன தப்பு?" அட்மிட் ஆகப் போகும் வழியில் ஆட்டோக்காரர்கூட, அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு பள்ளம் விடாமல் இறக்கி ஏற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "மாடிஸ்பேடி சார்" என்றார், கன்னடத்தில் செய்துகொள்ளாதீர்கள் என்று. பெரியம்மா ஓசூரிலிருந்து போன் போட்டு, அவர்கள் தெருவில் ஆபரேஷன் பண்ணிப் படுத்த ஒருத்தர் எழுந்திருக்கவே இல்லை என்றார். அவருக்கு என்ன ஆபரேஷன் பெரியம்மா என்று கேட்டேன். கிட்னி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அன்பில் சொல்வது. ஆபரேஷனுக்கு அப்புறம் நடந்ததுதான் இன்றைக்கும் ஆறவில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிக்கொண்டிருந்த வலி உடனே போய்விட்டது. கால் கட்டைவிரல் மரமரப்பு மட்டும் போகவில்லை, நரம்பு தன் இஷ்டத்துக்குத்தான் வரும் என்றார் டாக்டர். குனியாதே, எடை தூக்காதே, இடுப்பைத் திருப்பாதே, ரொம்ப நேரம் உட்காராதே, நட, நில். சரி என்று சாயங்காலம் கௌதம்புரம் பக்கம் நடப்பேன். பீலேவுக்குச் சிலை வைத்த ஏரியா, எப்படியும் பந்து உருண்டுகொண்டிருக்கும். பையன்கள் ஆடுவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவேன். ஆபீஸில் என் டீமில் இருந்த ஒருத்தர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் என்னிடம் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார்.

மறுநாள் மேனேஜர் போன். "மைதானத்துல நிக்க முடியுது, லேப்டாப் முன்னாடி உட்கார முடியாதா?"

உட்கார முடியாது சார். அதுதான் விஷயமே. நிற்கும்போது இருப்பதைவிட உட்கார்ந்து முன்னால் சாயும்போதுதான் டிஸ்க்கின் மேல் அழுத்தம் அதிகம். இதை நான் அவருக்குச் சொன்னேன். டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். என் முதுகுத்தண்டின் படத்தை ஹெச்.ஆரில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு கேன்டீனில் ஒரு பெண், ரொம்பச் சாதாரணமாக, "உங்களுக்கு ஒரு டிஸ்க்தானே, என் மாமாவுக்கு ரெண்டு" என்றார். எனக்கு ஒன்றுதான் என்று அவருக்கு யார் சொன்னது?

அதனால் டெர் ஸ்டேகன் தன் மருத்துவ அறிக்கையைக் கொடுக்கத் தயங்கினார் என்று படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. சம்பளத்துக்காக அடம்பிடித்தார் என்கிறீர்கள். இருக்கலாம். கிளப் தன்னை வெளியே தள்ளப் பார்க்கிறது என்ற கடுப்பும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? அதே அளவுதான் உங்களுக்கும் தெரியும்.

"கோடி கோடியாய் சம்பளம் வாங்குகிறார், பொது மனிதர், ரசிகனுக்குக் கேட்க உரிமை இல்லையா?" கேளுங்கள். ஆட்டத்தைக் கேளுங்கள். கால் எப்படிப் போட்டார், ஏன் வெளியே வந்து பந்தைப் பிடிக்கவில்லை, எல்லாம் கேளுங்கள். சம்பளத்தோடு சேர்த்து அவருடைய நரம்பையும் கிளப் வாங்கிக்கொண்டதா?

"2023 டிசம்பரில் இதே முதுகு ஆபரேஷன், பிப்ரவரியில் வந்துவிட்டாரே, இப்போது மட்டும் ஏன்?" இந்தக் கேள்வியைக் கேட்டவர் லைவ்வில் பெரிய புத்திசாலி மாதிரி சிரித்தார். தம்பி, அதே இடுப்பில் இரண்டாவது முறை கத்தி வைப்பதும் முதல் முறை வைப்பதும் ஒன்றா? நடுவில் 2024 செப்டம்பரில் வில்யாரியாலில் வலது முழங்கால் தசைநாண் முழுசாக அறுந்து, 2025 மே மாதம்தான் திரும்ப வந்த ஆள். அப்போது வயது 33. அதுவும் கோல்கீப்பர். எனக்கு டாக்டர் எதையெல்லாம் செய்யாதே என்றாரோ, அதையெல்லாம் செய்வதுதான் அவருக்கு வேலை. குனிந்து எடுக்கணும், இடுப்பை முறுக்கி எறியணும், முழு நீளத்துக்குப் பாய்ந்து விலாவில் விழணும், உடனே எழுந்து இன்னொரு பக்கம் பாயணும்.

"எங்கள் வேலையே யூகம்தானே" என்று அந்த சேனல் அண்ணன் சொன்னார். நேர்மையான பதில், பாராட்டுகிறேன். யூகத்தைத் தேதியாக விற்காதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை. கிரிக்கெட்டில் பும்ரா விஷயத்தில் இந்தப் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இதைத்தானே பார்த்தோம். 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஆட வந்தார், உடனே திரும்ப முதுகு, டி20 உலகக் கோப்பை போச்சு. 2023 ஜனவரியில் இலங்கைத் தொடருக்குப் பெயரைச் சேர்த்தார்கள், சில நாளில் எடுத்தார்கள். மார்ச்சில் நியூசிலாந்தில் ஆபரேஷன். அப்புறம் இங்கேதான், தேசிய கிரிக்கெட் அகாடமியான என்சிஏவில், பொறுமையாக ஆகஸ்ட் வரைக்கும். அந்த மாதங்களில் "வந்துட்டார், வந்துட்டார்" என்று எத்தனை வீடியோ! கடைசியில் அயர்லாந்தில் கேப்டனாக வந்து இறங்கினார். முதுகு தயாரானபோது வந்தார்.

என்னை ஐடி ஆள், ஸ்போர்ட்ஸ்மேனோடு ஒப்பிடாதே என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. வலி ஐடி கார்டு பார்க்காது, அவ்வளவுதான்.

உண்மையில் எனக்கு டெர் ஸ்டேகனைப் பற்றிக் கவலையே இல்லை. அவருக்கு வக்கீல் இருக்கிறார், நல்ல டாக்டர் இருக்கிறார், கேப்டன் பட்டையும் திரும்ப வந்துவிட்டது. இந்தப் பேச்சைக் கேட்டு வளர்கிற நம்ம மேனேஜர்கள், நம்ம கோச்சுகள், அவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இங்கே ஆஸ்டின் டவுனில், மர்பி டவுனில் உள்ளூர் லீக்கில் பி டிவிஷன், சி டிவிஷன் ஆடுகிற பையனுக்கு இடுப்பு பிடித்தால் என்ன நடக்கும் தெரியுமா? நடிக்கிறான் என்பார்கள். ஒரு ஊசி போட்டு இறக்குவார்கள். ஸ்கேனுக்குக் காசு யார் கொடுப்பது? அவனுக்காக எந்த லா லிகா மருத்துவக் குழு உட்காரப் போகிறது?

2025 ஆகஸ்டின் அதே வாரத்தில் நம்ம ஃபுட்பால் கிளப் பெங்களூர் எஃப்சி, முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையில்லாமல் நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்தது. சென்னையின் எஃப்சி வேலையையே நிறுத்திவிட்டது. இந்திய ஃபுட்பால் லீக்கான ஐஎஸ்எல் எப்போது நடக்கும், நடக்குமா என்றே அப்போது தெரியாது. அந்த வீரர்களில் எத்தனை பேர் அப்போது காயத்தோடு இருந்தார்கள், அவர்கள் பிசியோவுக்கு யார் பணம் கட்டினார்கள்? கண்டீரவா ஸ்டேடியத்தில் இவர்கள் பெயரைக் கத்திய நம்ம ஆட்களில் ஒருத்தராவது இதைக் கேட்டார்களா? ஒன்றரை மணி நேர லைவ்வில் இதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்கு ஒரு லைவ் போடுங்கள் அண்ணா. வாக்கெடுப்பு வேண்டுமானாலும் வையுங்கள், நான் வந்து ஓட்டுப் போடுகிறேன்.