அந்த ஒலிப்பதிவைப் பகிர்ந்தவர்களுக்கு

மூன்று நாளாக இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் சாட்ஸ்வொர்த் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்த ஒலிப்பதிவை எல்லோரும் கேட்டுவிட்டீர்கள். வெஸ்ட்வில் சிறையிலிருந்து வெளியே வந்தவர், தன் பாலியல் பழக்கத்தை அடக்க முடியவில்லை என்று மூடிய அறையில் ஐந்தாறு பேரை நம்பிப் பேசியது அது. "நிறுத்தணும்னு நினைக்கிறேன், முடியலை" என்கிறார். அதற்குக் கீழே வந்த பதில்கள்: "ரேப்பிஸ்ட்", "காயடிக்கணும்", "கோயில் பக்கமே விடாதீங்க". புரட்டாசி விரதம் ஒழுங்காக இருந்தால் இதெல்லாம் வராது என்று ஒரு பெரியவர் அறிவுரையும் சொல்லியிருக்கிறார்.

அவர் யாரையும் தொட்டதாக அதில் ஒரு சொல்கூட இல்லை. அடக்க முடியாத பாலியல் நடத்தை வேறு, பாலியல் வன்கொடுமை வேறு. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் அடக்க முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. எத்தனை தடவை என்பது அங்கே கணக்கே இல்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்திருக்க வேண்டும். அதோடு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். உடம்பு, குடும்பம், வேலை எல்லாம் பின்னுக்குப் போய் அது ஒன்றே வாழ்க்கையின் நடுவில் நிற்பது. பலமுறை குறைக்கப் பார்த்துத் தோற்பது. கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் கை நிற்காமல் இருப்பது. சுகமே இல்லாமல் போன பிறகும் கை நிற்காமல் இருப்பது. "பாவம் செய்கிறேனே" என்ற வருத்தம் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது என்றும் அதே வரையறை சொல்கிறது. நம் ஆட்கள் படிக்க வேண்டிய வரி அது. பூட்டிய அறையில் பொழுது போகாமல் சுய இன்பம் செய்கிற ஆண் நோயாளி அல்ல.

நோய் என்று பெயர் வைக்கும் முன்பு வேறு காரணங்களைத் தள்ளிப் பார்க்க வேண்டும். பைபோலார் நோயின் மேனியா கட்டத்தில், அதாவது மனம் கட்டுமீறி எழும் நேரத்தில், இப்படி வரும். டிக் என்கிற மெத்தாம்ஃபெட்டமைன் போதைப்பொருளைப் புகைத்தால் வரும். தலையின் முன்பகுதியில் அடிபட்டிருந்தால் வரலாம். பார்கின்சன் நோய்க்குத் தருகிற சில மாத்திரைகளாலும் வரும். நம் ஊருக்கென்று இன்னொன்று இருக்கிறது, சுகர்ஸ் என்கிற போதைத்தூள். அதில் இருக்கும் ஹெராயின் ஆண் ஹார்மோனைக் குறைத்து ஆசையை அமுக்கி வைக்கும். உள்ளே போய்ச் சரக்கு கிடைக்காமல் நின்றதும் அமுங்கிக் கிடந்தது எல்லாம் ஒரே வேகத்தில் எழும். அந்த முதல் சில வாரங்களில் பையன் தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைப்பான். உடம்பு திரும்பி வருகிறது, அவ்வளவுதான் என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

சிறை இதை ஏன் வளர்க்கிறது? பிற்பகலிலேயே பூட்டிவிட்டால் மறுநாள் காலைவரை செய்ய ஒன்றுமில்லை. பயம், கோபம், பார்க்க வருவதாகச் சொன்ன மனைவி வராத ஞாயிற்றுக்கிழமை, இத்தனைக்கும் கையில் இருக்கிற ஒரே மருந்து அதுவாகிப் போகிறது. முதலில் தூக்கத்துக்காக, பிறகு பதற்றத்துக்காக, கடைசியில் எதற்கென்றே தெரியாமல்.

சிகிச்சை உண்டு. முதல் இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லாமல் குறித்துவைக்கச் சொல்ல வேண்டும்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, மனம் எப்படி இருந்தது. வார்த்தையில் எழுதக் கூடாது. அந்தத் தாள் அறையில் இன்னொருவன் கையில் சிக்கினால் மிரட்டலுக்கு ஆயுதமாகிவிடும். நாள்காட்டி ஓரத்தில் புள்ளியும் எண்ணும் போதும். எந்த நேரம் ஆபத்து என்று அதில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் உடற்பயிற்சி, கடிதம், யாருடனாவது பேச்சு என்று எதையாவது வைக்க வேண்டும். உந்துதல் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். அதோடு சண்டை போடாமல், அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழக்க வேண்டும். "இனி வாழ்நாளில் இல்லை" என்று சத்தியம் வாங்குவதுதான் பெரிய தப்பு. ஒருநாள் தவறியதும் "எல்லாம் போச்சு" என்று பழைய அளவைத் தாண்டிப் போவார்கள்.

சிலருக்கு மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை உதவும். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். மேனியா இருப்பவருக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும், அதனால் மருத்துவர் பார்த்தே தர வேண்டும். உள்ளே மாத்திரையைச் சேர்த்து வைத்து விற்பார்கள், ஆகவே நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். நீதிமன்ற நாளிலும் வேறு சிறைக்கு மாற்றும்போதும் மருந்து விட்டுப்போவதுதான் வழக்கமாக நடக்கிற கோளாறு.

எடுத்த உடனே குழுச் சிகிச்சையில் உட்கார வைக்கவும் கூடாது. 28 என்ற எண்ணையே பெயராக வைத்திருக்கும் சிறைக் கும்பல் இருக்கும் இடத்தில் ஒருவன் இதைப் பத்துப் பேர் முன்னால் சொன்னால், அன்றிரவே அவனை யாருக்காவது "வைஃபி", அதாவது படுக்கைக்கு மனைவி, ஆக்கிவிடுவார்கள். முதலில் தனியாகத்தான் பேச வேண்டும்.

"குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்பீர்கள். உள்ளே நடக்கிற வன்கொடுமை எனக்குத் தெரியாதா? 2002இல் புளூம்ஃபொன்டைன் குரூட்ஃப்ளே சிறையில் கைதிகளே ரகசியமாக எடுத்த வீடியோவை நாடே பார்த்தது. காவலர்கள் போதைப்பொருள் விற்றார்கள், ஒரு சிறுவனையும் விற்றார்கள். சிறை ஊழலை விசாரித்த ஜாலி கமிஷன் இதையெல்லாம் பதிவு செய்தது. அங்கே நடந்தது அடக்க முடியாத ஆசையா? அது அதிகாரம், வியாபாரம். புகையிலைக்கும் பாதுகாப்புக்கும் உடம்பைக் கேட்கிறவன் நன்றாகவே தன்னை அடக்கத் தெரிந்தவன், நாள் பார்த்து, ஆள் பார்த்துச் செய்கிறான். ஆண் மீதான பாலியல் வல்லுறவை வல்லுறவு என்றே சொல்ல இந்த நாட்டுச் சட்டத்துக்கு 2007 வரை ஆனது. இரண்டையும் ஒன்றாக்கும்போது அந்தச் சிறுவனுக்கு நடந்ததையும் "ஆம்பளைக்கு வெறி, என்ன பண்றது" என்று சின்னதாக்குகிறீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

இரண்டும் ஒரே ஆளிடம் இருக்காதா என்றால், இருக்கும். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரிடம் சதா அதே நினைப்பு இருந்தால் மறுபடி செய்யும் ஆபத்து கூடுதல். அதனால்தான் சொல்கிறேன், அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். நீங்கள் சிரித்தால் அடுத்தவன் சொல்வானா?

ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்துக்கு வரிசையில் நிற்கும் அக்காமார் யாரும் இதைக் கேட்பதில்லை. சோறு போடுகிறார்களா, இருமல் போச்சா, இதோடு நிற்கும். மகன்களும் சொல்வதில்லை. உள்ளே பலாத்காரம் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஹெச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். வெட்கத்தில் அந்த மூன்று நாள் போய்விடுகிறது. பிறகு அழுது என்ன பயன், அக்கா?

உங்கள் வீட்டுக்கு ஒருவர் திரும்பி வந்தால் முதல் வாரத்தில் டேட்டா போட்ட ஸ்மார்ட்ஃபோனைக் கையில் கொடுக்காதீர்கள். பேசுவதற்கு மட்டும் ஆகிற சின்ன ஃபோன் போதும். கிளினிக் தேதியும் பரிந்துரைக் கடிதமும் வாங்கி வந்தாரா என்று கேளுங்கள், மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ராத்திரி எழுந்து உட்கார்ந்திருந்தால் ஒரு டீ போட்டுக் கொடுங்கள், கேள்வி வேண்டாம்.

அந்த ஒலிப்பதிவை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள். முதலில் அனுப்பியவர், அந்த அறையில் அவரோடு உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரில் ஒருவர். நேரில் போய், உங்களை நம்பிப் பேசிய அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேளுங்கள் அண்ணா.