ரோபோ தானாகவே ஆபரேஷன் செய்கிறதா?

திராட்சைத் தோலை ரோபோ உரிக்கும் வீடியோவோடு, "இனி டாக்டரே வேண்டாம், ரோபோ தானாகவே ஆபரேஷன் செய்யும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வீடியோ உண்மை, செய்தி தவறு.

அதில் தெரிவது 'டா வின்சி' என்ற ஆபரேஷன் ரோபோ கருவி. மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000-இல் இதற்கு அனுமதி தந்தது. சர்ஜன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி தன் விரல்களால் இயக்குகிறார். அவர் கை பெரிதாக அசைந்தால் நோயாளியின் உடலுக்குள் கருவி கொஞ்சமாக நகரும். கை நடுக்கத்தையும் கருவி வடிகட்டிவிடும். அந்தக் காட்சியைப் பார்க்கும் இடத்திலிருந்து அவர் தலையை எடுத்தாலே எல்லாம் நின்றுவிடும். இதில் எங்கே 'தானாக'?

சரி, தானியங்கி முயற்சியே இல்லையா? உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் 'ஸ்டார்' ரோபோ பெரும்பாலும் தானாகவே குடலைத் தைத்ததாக 2022-இல் ஆய்வு வெளியானது. பன்றியின் குடலை!