பீட் காடு மாதிரி வளர்வதில்லை

"அயர்லாந்தில் பீட் வெட்டினால் என்ன, காடு மாதிரி சில வருஷத்தில் திரும்ப வளர்ந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. பீட் என்பது ஈரச் சதுப்பில் செடிகள் முழுசாக மட்காமல் படிந்து உண்டாகும், எரிபொருளாக வெட்டி எடுக்கும் மண். மேட்டுச் சதுப்பில் (நடுவில் மேடாக உயர்ந்த சதுப்பு நிலம்) அது ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. அதுவும் ஈரம் குறையாமல் இருந்தால்! பனியுகம் முடிந்தபின் ஏரிப் பள்ளங்களில் தொடங்கியவை இந்தச் சதுப்புகள். நிலத்தடி நீர் எட்டாத உயரத்துக்கு மேடானபின் பீட்டாகப் படியும் ஸ்பாக்னம் பாசிக்கு மழைநீர் மட்டுமே கதி. வடிகால் வெட்டியதும் காற்று புகுந்து பீட் மட்கும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், நிலமே தாழும். அயர்லாந்தின் கிளாரா சதுப்பில் குறுக்கே சாலை போட்டதற்கே நிலம் பல மீட்டர் இறங்கியது. அங்கே பீட் வெட்டிவந்த அரசு நிறுவனமான போர்ட் நா மோனாவே பீட் அறுவடையை நிறுத்துவதாக 2021 ஜனவரியில் அறிவித்துவிட்டது.