டிவிடி எழுதும் வேகத்தைக் குறைத்தால் படம் தெளியாது

புகைப்படங்களை ஸ்லைடுஷோவாக டிவிடியில் எழுதி டிவியில் பார்த்தால் மங்கலாகத் தெரிகிறதா? "4எக்ஸ் என்ற குறைந்த வேகத்தில் எழுதினால் ஸ்லைடுஷோ படங்கள் தெளிவாக வரும்" என்று சிலர் சொல்வது சரியல்ல. வேகம் குறைந்தால் டிஸ்க்கில் பதியும்போது வரும் பிழைகள் குறையலாம். பிழை இருந்தால் படம் திக்கும், கட்டம் கட்டமாக உடையும். ஆனால் மங்கலாகத் தெரிவதற்கு அது காரணமே இல்லை.

டிவிடி வீடியோவின் அளவே பால் (PAL) என்னும் டிவி முறையில் 720×576, என்டிஎஸ்சி (NTSC) முறையில் 720×480 பிக்சல்தான். 12 மெகாபிக்சல் படமும் அதில் அரை மெகாபிக்சலுக்கும் கீழே சுருங்கிவிடும். பெரிய டிவியில் அதை இழுத்துக் காட்டினால் மங்காமல் என்ன செய்யும்?

உண்மையில் கைகொடுப்பது பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவின் அளவு. மென்பொருளில் "டிஸ்க்கில் அடங்கும்படி" என்பதை விட்டுவிட்டு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வையுங்கள், 4.7 ஜிபி டிஸ்க்கில் ஒரு மணி நேரம் தாராளமாக அடங்கும். ஏற்கெனவே சுருக்கிய வீடியோவிலிருந்து இல்லாமல், மூலப் படங்களிலிருந்தே உருவாக்குங்கள். மெல்லிய கோடுகள் துடித்தால் அதைக் குறைக்கும் ஃபிளிக்கர் ஃபில்டரை மென்பொருளில் போடுங்கள். முழுத் தெளிவு வேண்டுமென்றால் 1920×1080 ப்ளூ-ரே, இல்லையேல் ஜேபெக் படக் கோப்புகளையே, வீடியோவாக மாற்றாமல், டேட்டா டிஸ்க்காக எழுதுங்கள்; பிளேயர் அதைப் படிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.